கலைச்சொல்: உலர்குமிழுக்கும் ஈரக்குமிழுக்கும் இடையிலான அளவை எப்படிச் சொல்வது?

அன்பின் நண்பர்களுக்கு,

வெப்பம் பற்றிய பாடத்தைத் தேயிலைத் தொழிற்சாலைப் பயிலுநர்களுக்காக எழுதும்போது ஒரு சொல்லில் வந்து நிற்கிறோம். பறித்த கொழுந்தைக் காற்றில் ஈரம் குறைய வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழ் வெறுமனே இருக்கும், அது உலர்குமிழ். மற்றதன் குமிழில் ஈரத் திரி சுற்றி, அதன் நுனி தண்ணீரில் கிடக்கும், அது ஈரக்குமிழ். இரண்டும் காட்டும் பாகையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் அளவு இருக்கிறதே, அதற்குத்தான் பெயர் வேண்டும். டீமேக்கர், அதாவது தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொள்பவர், அதைப் பார்த்துத்தான் காற்றைச் சூடாக்குவதா, அப்படியே விடுவதா என்று முடிவெடுக்கிறார்.

மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. 'ஈரக்குமிழ்த் தாழ்வு' எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே இலங்கையில் வானிலை அறிக்கையில் தினமும் தாழமுக்கம் என்று கேட்கிறவர்கள், இதுவும் ஏதோ அமுக்கம் குறைகிற விஷயம் என்றே எடுத்துக்கொள்வார்கள். 'உலர்த்துதிறன்' இன்னும் சிக்கல். தமிழ்நாட்டுப் பாடநூலில் திறன் என்பது வாட்டில் அளப்பது, நாங்கள் அதை வலு என்போம். நாம் பெயர் தேடுவதோ பாகையில் அளக்கும் ஒன்றுக்கு.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

> 'ஈரப்பதன் வேறுபாடு' என்றால் எல்லோருக்கும் உடனே புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். இங்கே கழிக்கப்படுவது ஈரப்பதன் அல்ல, வெப்பநிலை. அதோடு இந்த அளவிலிருந்து ஈரப்பதனை எடுக்க அட்டவணை வேண்டும், அட்டவணையோ வளிமண்டல அமுக்கத்தைப் பொறுத்தது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். இரண்டு வெப்பமானிகளும் இரண்டு இடத்திலும் ஒரே பாகைகளைக் காட்டினாலும், ஈரப்பதன் நுவரெலியாவில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

ஆனால் உயரத்தோடு மாறாத ஒன்றும் இந்த அளவுக்குள் இருக்கிறது, என் வாதம் அதில்தான் நிற்கிறது. ஒரு கிலோ நீர் ஆவியாக 20 பாகையை ஒட்டி ஏறத்தாழ 2450 கிலோயூல் மறைவெப்பம் வேண்டும். அதே ஒரு கிலோ நீரை 20 பாகையிலிருந்து கொதிக்கும் அளவுக்குச் சூடாக்குவதைப்போல் ஏழு மடங்கு சக்தி அது. கொழுந்தைப் பரப்பி வைக்கும் வாட்டும் தொட்டியில் அந்தச் சக்தியைக் கொடுப்பது கீழிருந்து விசிறி தள்ளும் காற்று. கொடுக்கக் கொடுக்கக் காற்றுத் தணிகிறது. ஒரு கிலோ காற்று ஒரு பாகை தணிந்தால் ஏறத்தாழ 0.4 கிராம் நீரை ஏற்றுக்கொள்ளும். எதுவரை தணியலாம்? ஈரக்குமிழ் காட்டும் பாகை வரை, அதற்குக் கீழே முடியாது. ஆகவே வித்தியாசம் நாலு பாகை என்றால், அந்தக் காற்றில் ஒவ்வொரு கிலோவும் கொழுந்திலிருந்து எடுக்கக்கூடியது அதிகபட்சம் 1.6 கிராம். இந்தக் கணக்கு ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஒன்றுதான்.

அதாவது வித்தியாசம்தான் நீரை வெளியே இழுக்கிறது. எனவே நான் முன்வைக்கும் சொல்: குமிழ் வித்தியாசம்.

முதல் தடவை வரும் இடத்தில் 'உலர் ஈரக் குமிழ் வித்தியாசம்' என்று முழுதாக எழுதி, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். வித்தியாசம் வடசொல், வேறுபாடு என்று போடலாமே என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இலங்கைப் பாடநூலில் படித்த பிள்ளைக்கு இந்தச் சொல்லைச் சுற்றி ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. வெப்பநிலை வித்தியாசம் இருந்தால் வெப்பம் பாயும். அமுக்க வித்தியாசம் இருந்தால் காற்று நகரும். அழுத்த வித்தியாசம் இருந்தால் மின் ஓடும். (தமிழ்நாட்டு நண்பர்கள் கவனிக்க: நீங்கள் அழுத்தம் என்பது எங்களுக்கு அமுக்கம், நாங்கள் அழுத்தம் என்பது உங்களுக்கு மின்னழுத்தம்.) வித்தியாசம் என்றாலே 'ஏதோ ஓடப்போகிறது' என்று அந்தப் பிள்ளையின் மனம் தயாராகிவிடும். குமிழ் வித்தியாசம் இருந்தால் இலையிலிருந்து நீர் ஓடும். புதுச் சொல் அந்த வரிசையில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. வேறுபாடு நல்ல தமிழ்தான், ஆனால் இங்கே அதற்கு அந்தச் சொந்தபந்தம் கிடையாது.

குமிழ் என்றால் மின்குமிழ் நினைவுக்கு வரும் என்ற மறுப்பைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. நீர்க்குமிழியோடும் குழம்பாது: அது குமிழி, இது குமிழ்.

சொல்லைப் பயன்படுத்திப் பார்த்தால்தான் அது நிற்குமா என்று தெரியும். பாடத்தில் வரும் ஒரு பத்தியை இங்கே தருகிறேன்:

"தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கம் கொட்டும் ஜூலையில் வெளிக்காற்றின் குமிழ் வித்தியாசம் பூச்சியத்தை ஒட்டிக் கிடக்கும். அந்தக் காற்றை எவ்வளவு நேரம் ஊதினாலும் கொழுந்து வாடாது. 20 பாகையில் நீராவி நிரம்பிய காற்றை 25 பாகைக்குச் சூடாக்கினால் ஈரக்குமிழ் ஒன்றரைப் பாகை அளவே ஏறும், குமிழ் வித்தியாசம் மூன்றரையாகும். அதே நாளில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளையில் கச்சான் காற்று வீசுகிறது. மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிட்டு, கீழே இறங்கும்போது அமுக்கம் கூடிச் சூடான காற்று அது. அங்கே அடுப்பு மூட்டாமலே குமிழ் வித்தியாசம் போதிய அளவு இருக்கும்."

எனக்கு இதில் எங்கும் இடறவில்லை. 'குமிழ் வித்தியாசம் விழுந்துவிட்டது', 'குமிழ் வித்தியாசத்தைக் கூட்டு' என்று பேச்சிலும் வரும். தொட்டிக்கு மேலே வெளியேறும் காற்றில் அது பூச்சியத்துக்கு வந்துவிட்டால், காற்று தன் பங்கை முழுக்க ஏற்றிவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

திரியைப் பற்றி ஒரு குறிப்பையும் பாடத்தில் சேர்க்கிறேன். வாட்டும் மாடியில் கொழுந்துத் தூசி படிந்து திரி விறைத்துப்போனால் தண்ணீர் குமிழ்வரை ஏறாது. ஈரக்குமிழ் இருக்கவேண்டியதைவிடக் கூடக் காட்டும், குமிழ் வித்தியாசம் குறைந்து தெரியும். அதை நம்பித் தேவையில்லாமல் விறகை எரிப்பார்கள், கொழுந்தும் அளவுக்கு மீறிச் சூடாகும். 'திரி' என்ற சொல்லில் யாருக்கும் தகராறு இராது என்று நினைக்கிறேன், விளக்குத் திரி செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

வேறுபாடு என்பதையே விரும்புகிறவர்கள், மேலே உள்ள பத்தியில் அதைப் போட்டு வாசித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பதில் கட்டாயம் வேண்டும்: நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளில் தமிழில் இதை எப்படிச் சொல்கிறார்கள்? அங்கே வழக்கில் ஒரு சொல் இருந்தால், என்னுடையதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ள நான் தயார்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து