டாக்கர்: 5433 போர்ட்டை ஒரு ஐபிக்கு மட்டும் திறப்பது எப்படி?

உபுண்டு 22.04 சர்வரில் டாக்கரில் ஓடும் இரண்டு போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) கன்டெய்னர்கள். ஹோஸ்ட்டின் (அதாவது சர்வரின்) 5433, 5434 போர்ட்கள் இரண்டுமே கன்டெய்னருக்குள்ளே 5432-க்குப் போகின்றன. 5433 ஆபீஸ் ஐபிக்கு மட்டும் வேண்டும்; 5434 வேறு குழுவினருடையது, அதைத் தொட முடியாது.

போன வாரம் யூஎஃப்டபிள்யூவில் (உபுண்டுவின் ஃபயர்வால் கருவி) 5433-ஐ மூடியும் வெளியிலிருந்து கனெக்ட் ஆகிறது. சரி, டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் பாக்கெட் வடிகட்டி) விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும், யூஎஃப்டபிள்யூவைக் கண்டுகொள்ளாது. போர்ட்டை 127.0.0.1-இல் (சர்வருக்குள் மட்டும்) கட்டினால் ஆபீஸுக்கும் கிடைக்காது.

அப்புறம் டாக்கர்-யூசர் செயினில் (நம் விதிகளுக்காக டாக்கர் விட்டுவைக்கும் ஐபிடேபிள்ஸ் பட்டியல்) 5433-க்கு ட்ராப் (தடுப்பு விதி) போட்டேன்; பாக்கெட் கணக்கு பூஜ்யத்திலேயே நிற்கிறது. 5432 என்று போட்டால் இரண்டு கன்டெய்னரும் அடைபடுகின்றன. 5433-ஐ 5432 ஆக்கும் போர்ட் மாற்றம் அந்தச் செயினுக்கு முன்பே முடிந்துவிடுகிறதே! கன்டெய்னர் ஐபியை வைத்து எழுதலாம்தான், ஆனால் கன்டெய்னரை மறுபடி உருவாக்கினால் அது மாறக்கூடும்.

அந்தச் செயினில், பாக்கெட் முதலில் வந்த ஹோஸ்ட் போர்ட்டைப் பார்த்துத் தடுக்கும் விதியை எப்படி எழுதுவது?