புதுப்பிப்பு: டிக்ரியில் மாறிப்போன சர்வே எண்

தீர்ப்பில் 112/2 என்றிருந்த சர்வே எண் டிக்ரியில் (தீர்ப்பின் முடிவை முறைப்படி எழுதித் தரும் நீதிமன்ற ஆவணம்) 112/3 ஆகிவிட்டது, மேல்முறையீடுதான் வழியா என்று போன மாதம் புலம்பியிருந்தேன். தேவைப்படவில்லை. இப்படிப்பட்ட எழுத்துப் பிழைகளைத் திருத்த வழிசெய்யும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 152ஆம் பிரிவில் மனு போட்டோம். நேற்று திருத்த உத்தரவு வந்துவிட்டது.

நீதிமன்ற எழுத்தரே பேனாவால் திருத்தலாமே என்று சிலர் கேட்டீர்கள். முடியாது. தீர்ப்பைப் பார்த்து டிக்ரியை எழுதுவதோடு அவர் வேலை முடிந்தது. சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் நீதிபதி. பிறகு ஓர் இலக்கத்தை மாற்றவும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். இப்போது அந்த 3 சிவப்பு மையில் அடிபட்டு, மேலே 2, ஓரத்தில் சுருக்கொப்பம்.

டிக்ரியில் இருந்த தேதியும் தவறு என்று சண்டைக்குப் போனதுதான் என் அசட்டுத்தனம். 15 நாளுக்குள் தயாராக வேண்டிய டிக்ரி இரண்டு மாதம் கழித்து வந்தாலும், தீர்ப்பு சொன்ன தேதியைத்தான் தாங்குமாம். நீதிமன்ற அலுவலகத்தைக் கவனிக்கும் சிரஸ்தார் சிரித்துவிட்டார்.