மெயின்டனன்ஸ் தகராறு: பணம் கட்டிக்கொண்டே கணக்குக் கேட்பது எப்படி?

மூன்றாவது மாடி:
சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, 40 வீடு, இரண்டு லிஃப்ட். சதுர அடிக்கு மாதம் 2.75 ரூபாயாக இருந்த மெயின்டனன்ஸை எங்கள் சங்கத்தில் 3.75 ஆக்கியிருக்கிறார்கள். 1,150 சதுர அடி வீட்டுக்கு 3,162 ரூபாய் போய் 4,312 வருகிறது. லாரித் தண்ணி, டீசல் என்று ஒரு வரியில் காரணம் சொல்லி முடித்துவிட்டார்கள். "எல்லாரும் கட்டுறதை நிறுத்தினா வழிக்கு வருவாங்க" என்று சிலர் சொல்கிறார்கள். இந்த மாதிரி விஷயத்தை முடித்து வைத்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மேடவாக்கம் பொருளாளர்:
நிறுத்தாதீங்க சார். நிறுத்திய மறுநாளே பேச்சு "ஏன் ஏற்றினீர்கள்" என்பதிலிருந்து "நீங்க டிஃபால்டர்" என்பதற்குத் தாவிவிடும். நிறைய சங்கங்களின் பைலாவில் (விதிமுறைப் புத்தகம்) பாக்கிக்காரருக்குப் பொதுக்குழுவில் ஓட்டே கிடையாது. கேள்வி கேட்க வேண்டிய ஆள் கேட்கும் உரிமையைத் தானே பறிகொடுத்த மாதிரி ஆகும்.

முதலில் பைலாவை எடுத்து மூன்று இடம் பாருங்கள். கட்டணத்தை ஏற்றும் அதிகாரம் கமிட்டிக்கா, பொதுக்குழுவுக்கா? கூட்டத்துக்கு எத்தனை நாள் நோட்டீஸ்? கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும்? பொதுக்குழு தீர்மானம் வேண்டும் என்று இருந்து, கமிட்டி மட்டும் முடிவெடுத்திருந்தால் பழைய தொகையைக் கட்டி, வித்தியாசத்தை மட்டும் எழுத்தில் ஆட்சேபியுங்கள். தீர்மானம் முறையாக நிறைவேறியிருந்தால் முழுத்தொகையையும் கட்டிவிட்டு, அன்றே "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், கணக்கு விவரம் தேவை" என்று செயலாளருக்கு மெயில் போடுங்கள். வங்கி மூலம் மட்டுமே கட்டுங்கள். ரொக்கம் கொடுத்து வாட்ச்மேனிடம் கையெழுத்து வாங்கிய கதையெல்லாம் பின்னால் எடுபடாது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட சண்டையும் ஆட்சேபக் கடிதம் ஆகாது.

கேட்க வேண்டிய காகிதங்கள்: கூட்டக் குறிப்பும் வருகைப் பதிவும், ஆடிட் செய்த இரண்டு வருட பேலன்ஸ் ஷீட், பட்ஜெட்டும் ஆன செலவும் அருகருகே போட்ட பட்டியல், கார்ப்பஸ் (சங்கத்தின் சேமிப்பு நிதி) டெபாசிட் ரசீது, பாக்கிப் பட்டியல். கடைசி இரண்டும்தான் முக்கியம். 40 வீட்டில் 6 வீடு கட்டவில்லை என்றால் வசூலில் 15 சதவீதம் துண்டு விழுகிறது. பெரும்பாலான கமிட்டிகள் அந்த ஆறு பேரிடம் பேச வெட்கப்பட்டு, மீதி 34 பேர் தலையில் கட்டணத்தை ஏற்றிவிடும், அல்லது டெபாசிட்டை உடைத்து மாதச் செலவை ஓட்டும். டீசல் விலை சும்மா ஒரு சாக்கு.

மாடம்பாக்கம்:
லாரித் தண்ணியை நம்பிக்கையில் விடாதீர்கள், அளந்துவிடலாம். சம்பின் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) உள்நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர் என்றால் 12,000 லிட்டருக்கு மட்டம் சரியாக 1 மீட்டர் ஏற வேண்டும். சென்டிமீட்டர் குறித்த பிவிசி பைப் ஒன்றை மூடிக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். லாரி வந்ததும் ஒரு முறை, போனதும் ஒரு முறை இறக்கிப் பார்த்து, நேரம், வண்டி எண், இரண்டு அளவு என்று நோட்டில் எழுதினால் போதும். 83 சென்டிமீட்டர்தான் ஏறியது என்றால் வந்தது ஏறக்குறைய 10,000 லிட்டர். பத்து நாள் நோட்டை சப்ளையரிடம் காட்டினால் குரல் தானாக இறங்கும்.

ஜெனரேட்டருக்கும் இதே வழிதான். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரின் ரீடிங் இல்லாத டீசல் பில்லை பொருளாளர் பாஸ் செய்யக்கூடாது.

கணக்குப் பார்ப்பவர்:
பில்லில் 18% ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்ட வேண்டும், ஒரு வீட்டின் கட்டணம் மாதம் 7,500 ரூபாயையும் தாண்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வரி. உங்கள் வளாகத்தில் எல்லா வீடும் ஒரே அளவு என்று வைத்தால் 40 × 4,312.50 × 12 = 20.70 லட்சம். 20 லட்சம் தாண்டிவிட்டதே என்று பதறி வரி போடும் பொருளாளர்கள் உண்டு. 4,312 என்பது 7,500க்குக் கீழே, எனவே வரி கிடையாது. ஒருவருக்கு இரண்டு வீடு இருந்தாலும் 7,500 வரம்பு வீட்டுக்கு வீடு தனி. மத்திய அரசின் 2019 ஜூலை சுற்றறிக்கையிலேயே இது இருக்கிறது.

தாண்டினால் முழுத்தொகைக்கும் வரி என்று அதே சுற்றறிக்கை சொன்னது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், 7,500க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே என்றது. 8,000 ரூபாய் கட்டுபவருக்கு 1,440க்கும் 90க்கும் உள்ள வித்தியாசம் அது. இதில் சங்கத்தின் ஆடிட்டரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

சின்ன வளாகத்துக்காரர்கள் கரன்ட் பில்லையும் பாருங்கள். 10 வீட்டுக்கு மேல் இல்லாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்டும் இல்லாத கட்டடங்களின் பொதுப்பயன்பாட்டு (மாடிப்படி விளக்கு, மோட்டார் போன்றவை) இணைப்புக்கு 2023 நவம்பரில் யூனிட் 8 ரூபாய் சுற்றிலிருந்து 5.50 ஆகக் குறைத்தார்கள். பில்லில் உங்கள் இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறது என்று யாராவது ஒருவர் பார்த்தாலே போதும். தப்பாக இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு.

மூன்றாவது மாடி:
நன்றி சார். காகிதம் கேட்டு 20 நாள் ஆகியும் பதில் இல்லை. பாக்கி வைத்த ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வால்வை மூடப் போகிறோம் என்று வேறு சொல்கிறார்கள்.

சிவில் வக்கீல்:
வால்வில் கை வைக்க வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லுங்கள். பாக்கி கேட்கப் போன சங்கம், தடையாணை வழக்கில் எதிர்வாதியாக நிற்கும். நோட்டீஸ் போர்டில் வீட்டு எண்ணும் தொகையும் போடுங்கள். அதற்கு மேல் ஒரு அடைமொழியும் வேண்டாம்.

பாக்கி வசூலுக்கு மூன்று வருடக் காலக்கெடு உண்டு. பழைய பாக்கியை அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். அந்தக் கெடுவுக்குள்ளேயே வாங்கியிருக்க வேண்டும், காலாவதியான பிறகு வாங்கும் கடிதத்துக்கு இந்த பலன் இல்லை. அதனால் வருடா வருடம் நிலுவைக் கணக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள்.

உங்கள் பக்கத்துக்கு வருவோம். பதில் இல்லையென்றால் ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு, 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம். சங்கம் 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால் அதன் 36வது பிரிவில் மாவட்டப் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம். மொத்த உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கு கையெழுத்து வேண்டும், 40 வீட்டுக்காரரும் உறுப்பினர் என்றால் உங்களுக்கு 14 பேர். பலருக்கு இங்கேதான் சறுக்கும்: வாடகைக்கு இருப்பவர் கையெழுத்து, உறுப்பினராகச் சேராத உரிமையாளர் கையெழுத்து எல்லாம் கழிந்துபோகும். உறுப்பினர் பதிவேட்டோடு ஒப்பிட்டு, 18 பேராவது வாங்கி வையுங்கள். மனுவில் "ஊழல்" என்று எழுதாதீர்கள். "இன்ன வருட பேலன்ஸ் ஷீட் தரப்படவில்லை, இன்ன டெபாசிட் முடிக்கப்பட்டதற்குத் தீர்மானம் இல்லை" என்று வரி வரியாக எழுதுங்கள்.

அதற்கு முன், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு போட்டுப் பாருங்கள். கட்டணம் இல்லை, லோக் அதாலத்தில் சமரசமானால் அது நீதிமன்ற டிக்ரிக்குச் (தீர்ப்பாணை) சமம், அப்பீலும் கிடையாது. கூட்டத்தில் கத்துகிற பாதிப் பேர் அங்கே நிதானமாகப் பேசுவார்கள்.

பில்டரே இன்னும் பராமரிப்பை வைத்துக்கொண்டு கணக்குத் தராமல் இருந்தால் பாதையே வேறு, அது ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்).

மூன்றாவது மாடி:
ரொம்ப உதவியாக இருக்கு சார். மாடம்பாக்கம் அண்ணா, சம்ப் அளவில் ஒரு சந்தேகம்: லாரி இறக்கும்போது மேல் டேங்குக்கு மோட்டார் ஓடினால்?

மாடம்பாக்கம்:
அளவு பொய்யாகிவிடும். லாரி வந்தவுடன் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். மெட்ரோ (குடிநீர் வாரிய) லைனும் சம்பில் விழுகிறது என்றால் அந்த வால்வையும் மூடணும், இல்லையென்றால் லாரிக்காரர் கணக்கில் மெட்ரோ தண்ணியும் ஏறிவிடும். ஹோஸை எடுத்த பிறகு அலை அடங்க இரண்டு நிமிஷம் விட்டு பைப்பைப் பாருங்கள்.