தத்தெடுத்த மகளைச் சிறுவர் இல்லத்திலேயே திருப்பி விடச் சொல்கிறார்கள்

வெள்ளவத்தை அம்மா:
மகள் வந்து 14 மாதம். வரும்போது வயது 6. சிங்களப் பிள்ளைகளோடு இல்லத்தில் வளர்ந்ததால் தமிழ் அரைகுறை. பாணை ஒளித்து வைக்கிறாள். தலையணை உறைக்குள், பாடசாலைப் பைக்குள், ஒருநாள் என் தையல் மெஷின் லாச்சிக்குள்ளும். எறும்பு மொய்த்துத்தான் கண்டுபிடித்தேன். கேட்டால் "நான் இல்லை" என்பாள். போன மாதம் கையைக் கடித்துவிட்டாள். இரவில் "அக்கே, அக்கே" என்று அழுகிறாள், எழுப்பினால் என்னைத் தள்ளுகிறாள். "யார் பெற்ற பிள்ளையோ, கொண்டுபோய் விடு" என்கிறா மாமி. இவர் வாய் திறப்பதில்லை. சில இரவுகளில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. திருப்பிக் கொடுக்க முடியுமா? ஏசுவதென்றால் ஏசுங்கள், பதிலும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர்:
ஏச மாட்டேன், பிள்ளை. என் மேசைக்கு முன்னால் இருந்து இதே கேள்வியைக் கேட்டு அழுதவர்கள் உண்டு. நீதிமன்றக் கட்டளை கிடைத்துவிட்டால் அவள் நீங்கள் பெற்ற பிள்ளைக்குச் சமம். 1941ஆம் ஆண்டு மகவேற்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பெற்ற பிள்ளையை வளர்க்க முடியாமல் போனவர் எங்கே போவாரோ, நீங்களும் அங்கேதான் போக வேண்டும். தத்தெடுக்கும்போது 10 வயதுக்கு மேல் என்றால் பிள்ளையின் சம்மதத்தையும் சட்டம் கேட்கும். உங்கள் மகளுக்கு அந்த வயதில்லை, யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். முதலில் பொரளை சீமாட்டி றிஜ்வே ஆஸ்பத்திரியில் சிறுவர் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அவரையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அக்கா, என்னை 8 வயதில் திருப்பி விட்டார்கள். காலிமுகத்திடலுக்குப் போகிறோம் என்று சொல்லிப் பையில் உடுப்பு அடுக்கினார்கள். கடலுக்கு ஏன் இத்தனை உடுப்பு என்று நினைத்தது இன்னும் ஞாபகம். பாண் விஷயம் களவு இல்லை. எங்கள் இல்லத்தில் இரவுச் சாப்பாடு ஐந்தரைக்கே முடிந்துவிடும், அப்புறம் பெரிய பிள்ளைகள் ஒளித்துத் தருகிற பாண்தான். அந்த "அக்கே" யார் என்று அவளிடம் கேட்டீர்களா?

வெள்ளவத்தை அம்மா:
கேட்டேன். தலை பின்னிவிடுகிற ஒரு பெரிய பிள்ளையாம். இல்லத்துக்குப் போன் எடுத்தேன். ஞாயிறு வந்து பார்க்கலாம் என்றார்கள். ஆனால் விட்டுவிடத்தான் கூட்டிப் போகிறேன் என்று மகள் நினைத்துவிடுவாளோ?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
நினைப்பாள். பை எதுவும் கொண்டு போகாதீர்கள். திரும்பி வருகிற பஸ் காசை, இரண்டு பேருக்கும் சேர்த்து, அவள் கையிலேயே கொடுத்து வையுங்கள்.