ராட்வைலர் இருக்கும் வீட்டில் 2 வயதுக் குழந்தை

கேள்வி: 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை ராட்வைலர் இன நாய்கள் கடித்ததிலிருந்து, "அந்த ஜாதியே ஆபத்து, கொடுத்துடுங்க" என்கிறார்கள். கொடுத்துவிடத்தான் வேண்டுமா?

பதில்: இவ்வளவு கனமான நாய் கடித்தால் காயம் ஆழமாகத்தான் இருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பூங்காவில் நாய்கள் கயிறில்லாமல் திரிந்தன. தலைப்பில் வந்தது இனத்தின் பெயர் மட்டும், அதுதான் வருத்தம். வீட்டில் நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதற்கும் குழந்தைக்கும் நடுவே தடுப்புக் கதவு இருக்கட்டும். இருவரையும் தனியே விடவே வேண்டாம். நாய் உடல் விறைத்து, முகத்தைத் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரிந்தால் உடனே பிரித்துவிடுங்கள். உறுமினால் அடிக்காதீர்கள். அடித்து அடக்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

கேள்வி: பொமரேனியன் மாதிரி சின்ன நாய் கடித்தாலும் ரேபிஸுக்குப் பயப்பட வேண்டுமா?

பதில்: பொமரேனியன் கடித்தாலும் ரேபிஸ் ரேபிஸ்தான். சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு கூடாது. ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசி) போட வேண்டும். மருத்துவரிடம் கேட்டே வாங்குங்கள்.

கேள்வி: ராட்வைலர் வளர்க்க ஒன்றிய அரசே தடை போட்டுவிட்டதாமே?

பதில்: ராட்வைலர் உட்பட 23 நாய் இனங்களைத் தடுக்கச் சொன்ன 2024 மார்ச் மாத ஒன்றிய அரசுச் சுற்றறிக்கையை ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மாநகராட்சி உரிமம், வெளியே போனால் கயிறு, வாய்மூடி: இவற்றை விடாதீர்கள்.