புதுப்பிப்பு: கல்லீரல் நோய் மாடல் 71 சதவீதத்தில் நின்றதற்குக் காரணம் கிடைத்தது

இந்தியக் கல்லீரல் நோயாளிகள் தரவுத்தொகுப்பை வைத்து, ஒருவருக்குக் கல்லீரல் நோய் இருக்கிறதா என்று கணிக்கும் கணினி மாடலைக் கல்லூரி ப்ராஜெக்ட்டாகச் செய்கிறேன், எந்த அல்காரிதம் போட்டாலும் துல்லியம் 71 சதவீதத்திலேயே நிற்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"துல்லியத்தை விடுங்கள், நோயில்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாகச் சொல்கிறது என்று எண்ணுங்கள்" என்றவர் சொன்னதுதான் விடை. தொகுப்பில் 583 பேர், அதில் 416 பேர் நோயாளிகள். கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் நோய் என்றாலே 71 சதவீதம் வந்துவிடும்! என் மாடல் கிட்டத்தட்ட அதைத்தான் செய்துகொண்டிருந்தது. நோயில்லாத 167 பேருக்குக் கூடுதல் எடை கொடுத்து, அதாவது அவர்களைத் தவறாகச் சொன்னால் பெரிய பிழையாக எண்ணும்படி, மாடலுக்குப் பயிற்சி கொடுத்தேன். துல்லியம் கொஞ்சம் இறங்கியது, ஆனால் இப்போது உண்மையிலேயே பிரித்துப் பார்க்கிறது.

பதில்களில் வந்த நியூரல் நெட்வொர்க் (மூளை நரம்பு வலையைப் போல அமைத்த மாடல்) யோசனை எனக்கு உதவவில்லை. அதற்கு யானைப்பசி, இவ்வளவு சின்னத் தரவு போதாது.

அப்புறம், தொகுப்பில் 13 வரிகள் அப்படியே இரண்டாம் முறை வந்திருக்கின்றன. முதலிலேயே நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மாடல் பயிற்சியில் பார்த்த ஆளே அதைச் சோதிக்கும்போதும் வந்து நிற்பார். அல்புமின்-குளோபுலின் விகிதம் (இரண்டு ரத்தப் புரதங்களின் விகிதம்) 4 இடங்களில் காலி, அங்கே இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) போட்டேன்.

எதிர்பாராத ஒன்று: ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தால், நோயுள்ள பெண்களைத்தான் மாடல் அதிகம் தவறவிடுகிறது. தொகுப்பில் பெண்கள் 142 பேர்தான். 2022இல் லண்டனின் யுசிஎல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதே தரவில் இதே கோளாறைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். என் மாடலில் இது இன்னும் தீரவில்லை.