மண்ணை ஸ்பிரிங்காக எண்ணிய நாட்கள்: மறக்க முடியாத ஒரு கணத்தைப் பகிருங்கள்

வரைபலகை
வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், 15 மீட்டர் அகலமுள்ள ஒரு ராஃப்ட் அடித்தளத்துக்கு (கட்டடம் முழுவதையும் தாங்கும் ஒரே கான்கிரீட் தளம்), மண் அறிக்கையில் இருந்த மண்ணின் விறைப்பு எண்ணை (ஒரு கனமீட்டருக்கு 30,000 கிலோநியூட்டன், அதாவது ஒரு சதுர மீட்டர் மண்ணை ஒரு மீட்டர் அமிழ்த்தும் சுமை) கணினி மாதிரியின் எல்லாக் கணுக்களின் கீழும் ஸ்பிரிங்காகப் பரப்பிக் கணக்கிட்டு, முடிவுகளை அச்சிட்டு மூத்த பொறியாளரிடம் கொடுத்தேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. என் இருக்கையில் அமர்ந்து, தூண்சுமைகளை எல்லாம் நீக்கிவிட்டு, தளம் முழுவதும் சீரான சுமையை மட்டும் வைத்துக் கணக்கை மீண்டும் ஓட்டினார். திரையில் வளைவுத் திருப்புத்திறன், அதாவது தளத்தை வளைக்கப் பார்க்கும் விளைவு, எங்கும் சுழியம். தளம் சற்றும் வளையாமல் ஒரே அளவில் அமிழ்ந்திருந்தது. “களிமண்ணின் மேல் இவ்வளவு பெரிய தளம் நடுவில் குழியாமல் இருக்குமா, தம்பி?” என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார். 1867இல் விங்க்ளர் என்ற பொறியாளர் முன்வைத்த ஸ்பிரிங்குகள் பக்கத்து ஸ்பிரிங்கை அறியாதவை, ஒன்று அமிழ்ந்தால் மற்றது அசையாது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆனாலும் அந்தத் தட்டையான திரை இன்றும் உறுத்துகிறது.

இருப்புப்பாதை
எனக்கு மறக்காதது தண்டவாளம். மெதுவாக வந்த எஞ்சினின் முன்சக்கரத்துக்கு ஏறக்குறைய 3 மீட்டர் முன்னால் தண்டவாளத்தைத் தாங்கும் ஒரு ஸ்லீப்பர் கட்டையின் முனை எழும்பியதையும், அதன் ஓரத்தில் தூசி கிளம்பியதையும் கண்ணால் பார்த்தேன். மீள்தன்மை அடித்தளத்தின் (ஸ்பிரிங் போன்ற தரையின்) மேல் உள்ள உத்தரம், இங்கே தண்டவாளம், சுமைக்குச் சற்றுத் தள்ளி மேலே எழும் என்று சமன்பாடு சொல்வது என் காலடியில் நடந்துகொண்டிருந்தது.

வெற்றொலி
மன்னிக்கவும், நீங்கள் கண்டது அதுவாக இருக்க முடியாது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம், 100 கிலோநியூட்டன் சக்கரச் சுமை, பாதையின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு மீட்டர் அமிழ்வுக்கு 30 மெகாநியூட்டன் விறைப்பு என்று கொண்டால், சக்கரத்தின் கீழ் அமிழ்வு ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர். 3 மீட்டர் தள்ளி வரும் உச்ச எழுச்சி அதில் 4.3 விழுக்காடுதான், அதாவது 0.07 மில்லிமீட்டர், இதில் தண்டவாளம், கட்டை ஆகியவற்றின் சொந்த எடையை நான் இன்னும் கழிக்கவில்லை. ஜல்லியில் ஊன்றாமல் தொங்கிக்கொண்டிருந்த கட்டை, சக்கரம் நெருங்கியபோது கீழே இறங்கி மோதித் தூசியைத் துப்பியிருக்கும்.

என் கதை சிறியது. ஒரு தொழிற்கூடத் தரையின் மூலையைச் சுத்தியலால் தட்டியபோது பானையைத் தட்டியது போல் ஒலித்தது. மேற்பரப்பு உலர்ந்து சுருங்கியதால் மூலை மண்ணைவிட்டு எழும்பியிருந்தது. என் கணக்கிலோ ஸ்பிரிங்குகள் அந்த மூலையைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன.

இருப்புப்பாதை
0.07 என்பதை ஏற்கிறேன். ஆனால் கட்டை முதலில் எழும்பியது, பிறகுதான் இறங்கியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நாற்படிமூலம்
நானும் ஒருமுறை மண் அறிக்கை கைக்கு வராமல் ஓர் எண்ணை ஊகித்து வைத்து, இரவெல்லாம் உறங்காமல் கிடந்தேன். அதனால் எல்லோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஸ்பிரிங் எண்ணை ஒரே மதிப்பாக நம்பாமல், அதன் பாதியையும் இரு மடங்கையும் வைத்துத் தனித்தனியே கணக்கிடுங்கள். நீண்ட உத்தரத்தில் ஒற்றைச் சுமையின் கீழ் வரும் திருப்புத்திறன் அந்த எண்ணின் நான்காம் மூலத்தைப் பொறுத்ததால், எண்ணை இரட்டித்தால் திருப்புத்திறன் 16 விழுக்காடுதான் குறையும். அமிழ்வோ 40 விழுக்காடு குறையும். ஆகவே திருப்புத்திறனை வைத்துப் போடும் கம்பிக் கணக்கைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம், அமிழ்வைப் பற்றித்தான் அஞ்ச வேண்டும். ராஃப்டின் விளிம்பு ஸ்பிரிங்குகளை நடுவில் உள்ளவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு விறைப்பாக வைத்தால், வரைபலகை அவர்களின் மூத்தவர் கேட்ட நடுக்குழிவும் ஓரளவு கிடைத்துவிடும். மண் தளத்தை இழுத்துப் பிடிக்காது என்பதால், இழுவிசை ஏற்கும் ஸ்பிரிங்குகளை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். நீக்கியபின் வேறு சில இழுவிசைக்கு மாறும், அவற்றையும் நீக்குங்கள்.

வரைபலகை
நாற்படிமூலம் ஐயா, பாதியும் இரு மடங்கும் என்னைக் காப்பாற்றியிருக்காது. அந்த 30,000 என்பது 300 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தட்டை மண்மேல் வைத்து அழுத்திப் பார்த்துக் கிடைத்த எண் என்பதை முதல் பதிவில் எழுதத் துணியவில்லை. அகலமான சுமை ஆழமான மண்ணையும் அமுக்குவதால், களிமண்ணில் இந்த எண் அகலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று மண் இயக்கவியல் அறிஞர் டெர்சாகி 1955இலேயே விளக்கிவிட்டார். 0.3 மீட்டரிலிருந்து 15 மீட்டருக்குப் போனால் 30,000 வெறும் 600 ஆகிவிடும், அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. ஐம்பதின் நான்காம் மூலம் 2.66, நீங்கள் அஞ்ச வேண்டாம் என்ற திருப்புத்திறனே, உங்கள் வாய்பாட்டின்படி, அத்தனை மடங்கு கூடுகிறது. மூத்தவர் எழுந்து போன பிறகு அறிக்கையின் பின்னிணைப்பைப் புரட்டியபோதுதான் தட்டின் அளவு என் கண்ணில் பட்டது. அச்சிட்ட தாள்கள் அப்போதும் அவர் மேசையில்தான் இருந்தன. போய் எடுத்து வந்தேன்.